சார்ஜ் வாங்க ஆளில்லை

எங்கள் பக்கத்து ஆபீஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் 'சார்ஜ்' என்று ஒரு சொல் உண்டு. ஓர் அறைக்கோ பீரோவுக்கோ ஒருவர் சார்ஜ் வாங்கிவிட்டால், அதில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், எது ஓடாமல் நின்றாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விவரமானவர்கள் வேலையை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள், சார்ஜ் மட்டும் வாங்க மாட்டார்கள். என் சிநேகிதி எழிலரசி விவரமானவள் இல்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றதில் பச்சைப்பிள்ளை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் கடலூரில் ஒன்றாக பி.சி.ஏ. படித்தோம். படிப்பு முடிந்து நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் போட்டேன், கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷின். அவள் கடலூர் பக்கத்தில் குடிகாட்டுப் பெண். அப்பா குப்பன் அங்கே கெமிக்கல் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் காலேஜ் வரை வந்த முதல் ஆள் இவள்தான். சென்னைக்குப் போய் பெரிய கம்பெனியில் வேலை தேடுவதாகத்தான் திட்டம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வருஷம் எங்கேயாவது அனுபவம் சேர்த்துக்கொள்கிறேன் என்று 2006 ஜூனில் சிதம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளியின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லும் அளவுக்கு அதன் மேல் எனக்கு மரியாதை இல்லை.

சேர்ந்த அன்றைக்கே தாளாளர் தில்லைநாதன் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி ஒரு ஃபைலில் போட்டு, தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்தாவது மார்க் ஷீட்டில் இருந்து ஜாதிச் சான்றிதழ் வரை எல்லாமே. போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். தனியார் பள்ளிகளில் இது சகஜம் என்பதால் அவளும் யோசிக்கவில்லை.

அந்த லேபை அவள் ஒன்றுமில்லாததில் இருந்து உண்டாக்கினாள். மாடியில் ஒரு நீள அறை, இருபது கம்ப்யூட்டர், மூலையில் ஒரு சர்வர். சப்ளை செய்தவர்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நெட்வொர்க் போட ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. இவளே கிரிம்பிங் டூல் வாங்கிக்கொண்டு வந்து, கேபிளை அளந்து வெட்டி, எட்டு கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, முனைக்கு முனை பின் மாட்டினாள். விரல் நுனியெல்லாம் கீறல். ஒவ்வொரு முனையாக, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் செருகச் செருகப் பச்சை விளக்கு எரிந்ததை என் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே லாகின். ஒருத்தன் செய்து வைத்த புரோகிராமை அடுத்த வகுப்புக்காரன் அழித்துவிட்டுப் போனான், ஒரே அழுகை, ஒரே சண்டை. அதனால் பிள்ளைக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று எல்லாருக்கும் தனித்தனியாக லாகின் உண்டாக்கினாள். யார் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபைல் அவரவருக்கு வரும். அந்த மொத்த லாகின்களுக்கும் மேலே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு கையில் இருந்தால்தான் புது ஆளைச் சேர்க்கலாம், மறந்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், சாஃப்ட்வேர் ஏற்றலாம். அது இல்லாவிட்டால் லேப் இருந்தும் இல்லாத மாதிரி.

அதை இன்னொருவரிடமும் சொல்லி வைக்கட்டுமா என்று தில்லைநாதனிடம் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவார்கள், ஒருத்தருக்குத் தெரிந்தால் அந்த ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஆக பாஸ்வேர்டு யாருக்குத் தெரியுமோ அவர்தான் சார்ஜ் என்று அன்றைக்கு முடிவாயிற்று. பள்ளி முழுக்க அது பரவியும் விட்டது. எழிலரசிக்கு அது பெருமையாக இருந்தது, பாவம்.

அந்தப் பெருமை வடிய ஒரு வருஷம் ஆகவில்லை. மே மாதம் பள்ளி லீவு, ஆனால் அட்மிஷனுக்கு வருகிற பெற்றோருக்கு லேபைக் காட்ட வேண்டும், எழிலரசி வர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் உள்ளே போவார்கள், ஏசி போட்டிருக்கும், இருபது திரையிலும் பள்ளியின் சின்னம் ஓடும். கோயிலுக்குள் வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, கீழே போய் ஃபீஸ் கட்டுவார்கள். கரண்ட் கட் ஜாஸ்தியான பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. கரண்ட் போய் வந்தால் சில மெஷின்களில் தேதி பின்னால் ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் சர்வர் உள்ளே விடாது. சரி செய்ய அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைய வேண்டும். ஃபோனில் சொல்கிறேன், யாராவது பாஸ்வேர்டைப் போடுங்கள் என்று கெஞ்சுவாள். அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்திருப்பவர், "ஐயோ, அது எனக்கு வேணாம் மிஸ், நீங்களே வந்துடுங்க" என்பார்.

ஒருமுறை அவளைப் பெண் பார்க்க நெல்லிக்குப்பத்தில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சர்க்கரை ஆலையில் வேலை. அன்றைக்குப் பள்ளிக்கு யாரோ முக்கியஸ்தர் வருகிறார், லேப் எழுந்திருக்கவில்லை என்று காலையிலேயே ஃபோன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறினாள். முக்கியஸ்தர் வந்ததே மதியத்துக்கு மேல்தான். அவள் திரும்பிப் போனபோது கேசரி தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பெண்ணுக்கு வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அவள் அம்மா ராசம்மாள் ஒரு வாரம் இவளோடு பேசவில்லை.

ஏன் வேலையை விட்டுத் தொலைக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடுகிறேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் தில்லைநாதன் குரலை உயர்த்தவே மாட்டார். பிளஸ் டூ பிராக்டிகல் முடியட்டும்மா என்பார். முடிந்ததும் அட்மிஷன் முடியட்டும்மா என்பார். பிறகு கால் பரீட்சை. பீரோச் சாவி அவர் இடுப்பில். சர்டிபிகேட் இல்லாமல் சென்னையில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம், இந்த ஆள் திட்டவும் மாட்டார்.

அவளுக்குக் கோபம் வராதா என்று எனக்குக் கோபம் வரும். என் கடைக்கு வருவாள், டீ வாங்கித் தருவேன், குடிகாடு வழியாகப் போகும் பஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பாள். சும்மா உட்காரத் தெரியாது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், மகன் பாஸ்வேர்டு போட்டுவிட்டு மறந்துவிட்டான், உள்ளேயே போக முடியவில்லை என்று ஒரு சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழிலரசி தன் பையில் இருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டு, அந்த டீ ஆறுவதற்குள் திறந்து கொடுத்தாள். சர்வரையே இப்படித் திறக்கலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் என்றாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் யாருக்கும் சொல்லாமல் அரசாங்கப் பரீட்சை எழுதினாள். பாஸானாள். இளநிலை உதவியாளர் வேலை, கடலூர்ப் பக்கமே கிடைக்க வாய்ப்பு. 2010 பிப்ரவரியில், சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னைக்கு வர வேண்டும் என்று கடிதம் வந்தது. ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்க வேண்டும், தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். நடுவில் ஒரு வாரம்தான் இருந்தது. குப்பன் அந்தக் கடிதத்தைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

தில்லைநாதன் வாழ்த்துச் சொன்னார். இனிப்புக்கூட எடுத்துக்கொண்டார். பிறகு, "லேப் சார்ஜை யார்கிட்டயாவது குடுத்துடும்மா. அவுங்க வந்து, நான் வாங்கிக்கிட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் ஃபைல் உன் கையில" என்றார்.

நியாயமாகத்தான் தெரிந்தது. அவளும் நம்பிக்கையோடு கிளம்பினாள். முதலில் காமர்ஸ் மிஸ்ஸிடம் போனாள். வீட்டுக்காரர் திட்டுவார் என்றார் அவர். பி.டி. மாஸ்டர் கொளஞ்சியப்பன், பந்து காணாமல் போனதற்கே இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னை விட்டுவிடு தாயே என்று கும்பிட்டார். ஆபீஸ் கிளார்க் லீவு போட்டார். எல்லாரும் அவள் தினமும் லாகின் சரிசெய்து கொடுத்தவர்கள். மார்க் டைப் செய்ததும் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் அடித்ததும் அந்த லேபில்தான். இவளைக் கண்டால் இப்போது மாடிப்படியில் திரும்பி இறங்கினார்கள். எங்கே வாய் தவறி அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மீதி இருந்தவர் பிசிக்ஸ் வாத்தியார் தேவசகாயம். நல்ல மனுஷர். மழை நாளில் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டு வந்து விடுவார். லேபில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியும், ஏனென்றால் அவள் மேஜைக்கு அடியில் படுத்து மாட்டியபோது டார்ச் பிடித்தவரே அவர்தான். அவரிடம் போய், சார், உங்களால்தான் முடியும், ஒரே ஒரு வார்த்தை, கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே.

"எழில், நீ நல்லா இருப்பம்மா. அதை மட்டும் என் காதுல போட்டுடாத. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்" என்றார்.

அன்று மாலை கடைக்கு வந்தவள் டீயைத் தொடவில்லை. நீயே சொல்லு, ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு பிச்சை எடுக்கிற மாதிரி அலைகிறேன், இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆள் இல்லை என்றாள். போலீசுக்குப் போ என்றேன். போனால் பிடிவாதமாகக் கோர்ட்டு கேஸ் என்று இழுப்பார், ஒரு வாரத்தில் முடியுமா என்றாள். அதுவும் சரிதான். எனக்கு அந்தப் பீரோவைக் கடப்பாறையால் உடைக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள்தான் மீதி. காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்கிற முறை அன்று அவளுக்கு. நாட்டு நடப்பு வாசித்தாள், விளையாட்டுச் செய்தி வாசித்தாள். அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டு மைக்கை விடாமல் நின்றாள்.

"இன்னொரு செய்தி. நம்ம லேபோட அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு, ஒருவருஷம்மட்டும். இங்கிலீஷ் எழுத்துல சேத்து அடிக்கணும். முதல் எழுத்து பெரிசு, கடைசியில நம்பர் ஒண்ணு. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. இனிமே இது எனக்கு மட்டும் தெரிஞ்சது இல்ல."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வழக்கமாக எந்தச் செய்திக்கும் தட்டுவதுதான். ஆசிரியர் வரிசையில் ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை.

சேர்ந்த முதல் மாதம் போட்ட பாஸ்வேர்டு அது. ஒரு வருஷம் மட்டும் இருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போட்டது. நாலு வருஷமாக ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். மாற்றவும் இல்லை. என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

இனி எல்லாருக்கும் தெரியும், ஆகவே எல்லாரும் சார்ஜ், ஆகவே தனக்கு விடுதலை. அவள் போட்ட கணக்கு இது. நான் சொன்னேனே, பச்சைப்பிள்ளை என்று. தில்லைநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டு முதல் பீரியட் முழுக்க நிற்க வைத்தார். அப்போதும் கத்தவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டதே அம்மா, மாற்றிவிட்டு வா, புதுசு என்ன என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

அவள் மாடி ஏறினாள். லேபில் பிளஸ் ஒன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், முதல் இரண்டு பீரியடும் அவர்களுடையது. எல்லாரும் மிகவும் ஒழுக்கமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். சர்வரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. மைக்கில் கேட்டதை எவனோ ஒருத்தன், அல்லது ஒருத்தி, போட்டு உள்ளே போய் மாற்றியிருக்க வேண்டும். யார் என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள்தானே, சார்ஜ் வாங்குவார்களா?

கீழே வந்து சொன்னாள். அறையில் தேவசகாயமும் வேறு ஏதோ காரியமாக நின்றிருந்தார். சரி, திருப்பி மாற்று என்றார் தில்லைநாதன், ஏதோ சட்டையைத் திருப்பிப் போடச் சொல்வது மாதிரி. சிடி அவள் தோள்பையில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை. முடித்தால் புதுப் பாஸ்வேர்டு, மறுபடி அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. மறுபடி சார்ஜ் கொடுக்க ஆள் தேட வேண்டும். அவளுக்கு அந்த இடத்தில் நின்றபடியே எல்லாம் புரிந்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

"என்னது?"

"மாத்திட்டா அதை எப்புடித் திறக்குறதுன்னு எனக்குத் தெரியாது சார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல."

தில்லைநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா இதுக்கா சார் நான் சம்பளம் குடுத்துக்கிட்டு இருந்தேன்?"

"நானும் நெனச்சேன் சார். ஏதோ ஓட்டிக்கிட்டு இருந்திருக்குது" என்றார் தேவசகாயம்.

டார்ச் பிடித்த அதே மனுஷர்.

தில்லைநாதன் பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து மேஜை மேல் போட்டார். தெரிந்தவளைத்தான் பூட்டி வைக்க வேண்டும், தெரியாதவளை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன லாபம்? ஒன்றும் தெரியாதவளிடம் சார்ஜ் வாங்க என்ன இருக்கிறது, போ என்று சொல்லிவிட்டாராம். நாலு வருஷமாகத் திறக்காத பூட்டு ஒரு பொய்க்குத் திறந்துகொண்டது.

அவள் நேராக என் கடைக்கு வந்தாள். ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் குதித்தேன், பக்கத்துக் கடைக்காரருக்கெல்லாம் டீ சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"ஒருத்தர்கூட நம்பாம இருக்கலடி" என்றாள். "நீயா தெரியாதுங்கறன்னு ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு நின்னேன். கேக்கவே இல்ல. எவ்வளவு சீக்கிரம் நம்பிட்டாங்க பாரு."

தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

சென்னைக்குப் போனாள், சரிபார்ப்பு முடிந்தது, கடலூரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே சூப்பிரண்டு, கம்ப்யூட்டர் படித்த பெண்ணாமே, நாலு சிஸ்டம் சும்மா கிடக்கிறது, அதையெல்லாம் இணைத்து எல்லாருக்கும் லாகின் போட்டு நீயே சார்ஜ் எடுத்துக்கொள் அம்மா என்றிருக்கிறார். காலேஜில் பாடமாகப் படித்ததோடு சரி, செய்து பழக்கமில்லை சார் என்று சொல்லிவிட்டாள். அவரும் உடனே நம்பினார். தபால் பிரிவில் போட்டார். பக்கத்து மேஜைக்காரர் பிரிண்டர் ஓடாமல் அரை நாள் அல்லாடும்போது இவள் உறைக்குப் பசை தடவிக்கொண்டிருப்பாள். கேபிள் லூசாக இருப்பது இவள் இடத்தில் இருந்தே தெரியுமாம். கை பரபரக்கிறதுடி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். வெளியே வந்துவிட்டாள்தான். ஆனால் தனக்குத் தெரிந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தால்தான் விடுவார்கள் என்று ஆகிவிட்டதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

போன மாதம், 2012 முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். பிரவுசிங்குக்குக் கூட்டம் குறைந்துவிட்டது, ஆன்லைன் விண்ணப்பம் போட வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன், யார் எதை அழிக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று புலம்பினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். செருப்பை வாசலில் கழற்றினாள். இங்கே யாரும் கழற்றுவதில்லைடி என்றேன், காதில் விழவில்லை. ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் இணைத்து, அந்தப் பெண்களுக்குத் தனித்தனி லாகின் போட்டாள். அவள் விரல் ஓடுவதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம், பச்சை விளக்கு எரிந்த நாளில் இருந்தது.

கடைசியாக அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு போடும் இடம் வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீயே போட்டுக்க. நான் செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் ஒரு முறை அடித்து, உறுதி செய்ய இன்னொரு முறை அடித்தேன். முடிந்தது, திரும்பு என்றேன். எனக்குத் தெரியாம போட்டுட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.